பீடியை விட்ட முதல் மூன்று நாள்கள்... தாண்டுவது எப்படி?

பீடி, சிகரெட்டை நிறுத்த முயன்று பாதியில் விட்டவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். முதல் நாள் வீம்பாக இருந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் தலைவலி, எரிச்சல். மூன்றாம் நாள் சாயங்காலம் டீக்கடையில் யாராவது ஒருவர் நீட்டும் பீடியை வாங்கிப் பற்ற வைத்துவிடுவார்கள். ‘நமக்கெல்லாம் மன உறுதி பத்தாது’ என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள்.

மன உறுதி மட்டுமே இங்கே பிரச்னை இல்லை. எந்த நாளில், எந்த வேளையில், என்ன தொந்தரவு வரும் என்று முன்கூட்டியே தெரியாததுதான் பலரைக் கவிழ்க்கிறது. எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி வரும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே தயாராகிவிடுகிறோம். புகையை விடும் முதல் வாரத்தையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் அடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் பூச்சியைக் கொல்வது நிகோடின். கத்திரி, தக்காளி, மிளகாய் குடும்பத்தைச் சேர்ந்த புகையிலைச் செடி, பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேரில் தயாரித்து இலைக்கு அனுப்பும் நஞ்சு அது. அதே நிகோடின் புகையோடு நுரையீரலுக்குள் போனால், சில நொடிகளில் மூளையைத் தொட்டு ஓர் இதம் தருகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். உடனே மூளை அடுத்த பீடியைக் கேட்கும்.

கடைசி பீடியை அணைத்த 20 நிமிடங்களில் நாடித்துடிப்பு இறங்க ஆரம்பிக்கிறது. ஓரிரு நாளுக்குள் ரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இயல்பான அளவுக்கு வந்துவிடும். இரண்டு, மூன்று நாள்களில் நிகோடின் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடும். அது வெளியேறும் அந்த நேரத்தில்தான் தொந்தரவுகள் உச்சத்தில் இருக்கும். அதாவது, மூன்றாம் நாள் படும் பாடு ‘நம்மால் முடியாது’ என்பதற்கான அடையாளம் அல்ல; மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். அதன் பிறகு இறக்கம்தான். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலான தொந்தரவுகள் அடங்கிவிடும்.

‘சிகரெட்தானே கெடுதல், பீடி சின்னதுதானே’ என்று சொல்பவர்கள் உண்டு. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால், அது அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, அழுத்தமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளே போகும் நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

நாள் குறியுங்கள்!

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். ஆள்கள் கூடி, பீடி கைமாறும் அறுவடை நாளாக அது இருக்க வேண்டாம். அதேசமயம், ‘அறுப்பு முடியட்டும், ஆடி போகட்டும்’ என்று தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம்.

அதற்கு முந்தைய இரண்டு நாள்கள், ஒவ்வொரு பீடியையும் எப்போது பற்ற வைக்கிறீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். காலைக் கடனுக்குப் போகும்முன், டீ குடிக்கும்போது, வரப்பில் இளைப்பாறும்போது, ராத்திரி மும்முனை மின்சாரத்துக்காக மோட்டார் ரூமில் காத்திருக்கும்போது, சாப்பிட்டு முடித்ததும் என்று ஓர் ஒழுங்கு தெரியும். அந்த வேளைகளில்தான் ஆசை தலைதூக்கும்.

முந்தைய இரவு, சட்டைப்பை, மோட்டார் ரூம், வண்டிப் பெட்டி என எல்லா இடத்திலும் தேடி, இருக்கும் பீடிக்கட்டுகளை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் புதைத்துவிடுங்கள். ‘அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்’ என்று வைத்தால், அதுதான் மூன்றாம் நாள் கையில் ஏறும். புகை வாடை அடிக்கும் சட்டை, துண்டைத் துவைத்துப் போடுங்கள். கூட வேலை செய்பவர்களிடம், ‘நான் விட்டுட்டேன், எனக்கு நீட்டாதீங்க’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள்

பீடி பிடித்தால்தான் வயிறு இளகும் என்று பழகியவர்களுக்கு முதல் சோதனை விடிந்ததுமே வந்துவிடும். நிகோடின் குடலின் அசைவைத் தூண்டக்கூடியது. அது நின்றதும் சில நாள்கள் மலச்சிக்கல் வரலாம். முந்தைய இரவே கொய்யாவோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். கீரை, காய்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டீ, காபியைப் பாதியாகக் குறையுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. புகை பிடிப்பவர்களின் உடம்பு, டீ, காபியில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமான அளவு டீயே குடித்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைப் பீடி இல்லாத குறை என்று தவறாக நினைத்துவிடுவோம். டீக்கடைக்குப் பதில் வீட்டில் மோர், எலுமிச்சைச்சாறு என்று ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒவ்வோர் ஆசையும் ஓர் அலைபோல எழுந்து, சில நிமிடங்களில் அடங்கிவிடும். பீடி பிடித்தாலும் அடங்கும்; பிடிக்காவிட்டாலும் அடங்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு நான்கு வேலைகள்: ‘இன்னும் பத்து நிமிடம் போகட்டும்’ என்று தள்ளிப்போடுங்கள், ஒரு சொம்பு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து மண்வெட்டியை எடுங்கள், மாட்டை மாற்றிக் கட்டுங்கள். வாய் சும்மா இருக்க மறுத்தால் சோம்பு, ஏலக்காய், நெல்லிக்காய், வெள்ளரிப் பிஞ்சு கைவசம் இருக்கட்டும். பாக்கு மட்டும் வேண்டாம். அதுவும் வாய்ப் புற்றுநோயைத் தரக்கூடியது.

இரண்டாம், மூன்றாம் நாள்

எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனச்சிதறல், அகோரப் பசி... எல்லாம் சேர்ந்து வரும் நாள்கள் இவை. பூச்சிமருந்து அடிப்பது, பவர் டில்லர் ஓட்டுவது, மின்மோட்டாரைப் பழுது பார்ப்பது போன்ற கவனம் தேவைப்படும் வேலைகளை முடிந்தவரை ஒத்தி வையுங்கள். களை எடுப்பது, வரப்பு வெட்டுவது போன்ற வேலைகள் இந்த நாள்களுக்கு நல்ல மருந்து. வியர்க்க வேலை செய்தால் ராத்திரி தூக்கமும் வரும்.

சிலருக்கு இருமலும் சளியும் முன்பைவிடக் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் மறுபடியும் சளியை வெளியே தள்ள ஆரம்பிப்பதால் அப்படி ஆகும். ஆனால், சளியில் ரத்தம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மூன்று நாள்கள் அவர் காட்டும் கோபம் உங்கள்மேல் உள்ள கோபம் அல்ல. கடன், நகை, பாகப்பிரிவினைப் பேச்சையெல்லாம் ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்’ என்ற ஒரு கிண்டல் போதும், அவர் நேராகப் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்.

நான்காம் நாளிலிருந்து

இனி உடம்பைவிடப் பழக்கம்தான் எதிரி. மோட்டார் ரூம், டீக்கடை பெஞ்சு, கல்யாண வீட்டுப் பந்தல் என்று பழைய இடங்கள் இழுக்கும். முக்கியமாக மது. விட்ட பீடி மறுபடி ஒட்டிக்கொள்வதற்கு அது பெரிய வாசல். முதல் சில வாரங்களாவது அந்தப் பக்கம் போகாதீர்கள். ‘ஒரே ஒரு இழுப்பு’ என்று யார் சொன்னாலும் வேண்டாம். அப்படியே தவறிப் பிடித்துவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று கட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரு நாற்று பட்டுப்போனால் வயலையே உழுதுவிடுவதில்லை. அதே மணி நேரத்திலிருந்து தொடருங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

மத்திய அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசகர்களிடம் தமிழிலும் பேசலாம். பீடிக்கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும் எண் இது. தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவர்களுக்கு நிகோடின் பிடி இறுக்கமாக இருக்கும். அவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் கைகொடுக்கும். அதை மிட்டாய்போல் விடாமல் மெல்லக் கூடாது. சில தடவை மென்று, சுறுசுறுவென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாமா?

நிறுத்தலாம். ஆனால், ஒரு நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்துபவர்களே கூடுதலாக வெற்றி பெறுகிறார்கள். குறைப்பதாக இருந்தாலும் கடைசி நாள் எது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பீடிக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அதுவும் நிகோடின்தான். கூடவே வாய்ப் புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

சர்க்கரை நோய்க்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் என்ன செய்வது?

கட்டாயம் விட வேண்டும். ஆனால், புகையை நிறுத்தும்போது சர்க்கரை அளவு மாறலாம். ஆஸ்துமா, மனநலப் பிரச்னைகளுக்கான சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாற்பது வருஷமாகப் பிடித்தாயிற்று. இனி விட்டு என்ன பயன்?

எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு. மூன்று மாதத்துக்குள் நுரையீரலின் திறன் கூடும். ஏற்றம் ஏறும்போதும் மூட்டை தூக்கும்போதும் வித்தியாசம் தெரியும். புகையால் மாரடைப்பு வருவதற்கான கூடுதல் ஆபத்து ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தக்காளி, மிளகாய் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: பீடி பிடித்த கையால் நாற்றைத் தொடும்போது பரவக்கூடிய தேமல் நோயும் குறையும்.

இப்போதே காலண்டரில் ஒரு தேதியை வட்டமிடுங்கள். அதற்கு அடுத்த மூன்று தேதிகளையும் சேர்த்து வட்டமிட்டு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வையுங்கள்.