மின்சாரத்துக்கு ஒருவழிப்பாதை போட்ட பாதரசக் குடுவை!

இருட்டறையின் நடுவே அண்டா அளவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. ஆக்டோபஸ் போல அதைச் சுற்றிக் கைகள். உள்ளே நீலமும் ஊதாவுமாக ஒளி துள்ளுகிறது. விட்டலாச்சார்யா படத்து மந்திரவாதியின் குகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் டிராம்களை ஓட்டிய, லிஃப்ட்களை ஏற்றி இறக்கிய, சினிமா புரொஜெக்டர்களுக்கு மின்சாரம் கொடுத்த கருவி அது. பெயர், மெர்க்குரி ஆர்க் ரெக்டிஃபையர். 1902-ல் இதைக் கண்டுபிடித்தவர், அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹெவிட்.

எதற்காக இது?

மின் நிலையத்திலிருந்து வரும் ஏ.சி மின்சாரம், ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். நம் ஊரில் விநாடிக்கு 50 முறை. டிராம் மோட்டாருக்கோ ஒரே திசையில் ஓடும் டி.சி வேண்டும். ஏ.சி-யை டி.சி-யாக மாற்ற, அதுவரை சுழலும் பெரிய இயந்திரங்கள்தான் இருந்தன. சத்தமும் அதிகம், பராமரிப்பும் அதிகம். ஹெவிட்டின் குடுவைக்குள் சுழலும் பாகமே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது?

காற்றை உறிஞ்சி எடுத்த குடுவையின் அடியில் கொஞ்சம் பாதரசம். கைகளின் நுனியில் கிராஃபைட் துண்டுகள். ஒரு சிறு கம்பி பாதரசத்தைத் தொட்டு விலகும்போது பொறி பறக்கும். அந்த இடத்தில் பளீரென ஒரு புள்ளி தோன்றி, பாதரசத்தின் மேல் அங்குமிங்கும் ஓடும். அதிலிருந்து எலெக்ட்ரான்கள் பீறிட்டுக் கிளம்பும். ஏ.சி ஆட்டத்தில் எந்த கிராஃபைட் நேர்மின் முனையாக இருக்கிறதோ, அது அவற்றை இழுத்துக்கொள்ளும். அடுத்த நொடித்துளியில் இன்னொன்றின் முறை. கிராஃபைட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புவதில்லை என்பதால், மின்சாரம் திரும்பி வர வழியில்லை.

சூட்டில் ஆவியாகும் பாதரசம் மேலே போய், கண்ணாடியில் குளிர்ந்து, துளித்துளியாக வழிந்து அடியிலேயே சேரும். குடுவை அவ்வளவு பெரிதாக இருப்பது இதற்காகத்தான்.

எதிரே லாரி வந்தால்?

ஒருவழிப்பாதையிலும் சில நேரம் எதிரே லாரி வந்துவிடும் அல்லவா? வோல்டேஜ் மிக அதிகமானால் இங்கும் அதே கதை. கிராஃபைட்டிலேயே பொறி பற்றி, மின்சாரம் தலைகீழாகப் பாயும். ஷார்ட் சர்க்யூட்தான்! ஸ்வீடன் பொறியாளர் ஊனோ லாம் இதை விடவில்லை. பாதரசத்துக்கும் கிராஃபைட்டுக்கும் இடையே பல மின்முனைகளை அடுக்கி, வோல்டேஜைப் பங்குபோட்டுத் தாங்க வைத்தார். 1929-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பெரிய அளவில் சாதிக்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின.

1954-ல் ஸ்வீடனின் காட்லாண்ட் தீவுக்குக் கடலடி கேபிள் வழியே 1,00,000 வோல்ட் டி.சி மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு நீளக் கடலடி கேபிளில் ஏ.சி-யை அனுப்பினால், கேபிளில் மின்னூட்டம் ஏறி இறங்குவதிலேயே அதன் திறன் வீணாகிவிடும்.

பாதரசத்தின் நஞ்சு, பராமரிப்புத் தொல்லை இரண்டும் சேர, சிலிக்கான் வந்ததும் குடுவைகள் ஓய்வுபெற்றன. நியூஸிலாந்தில் மட்டும் லாம் வகைக் கருவிகள் 2012 வரை உழைத்தன. இன்று உங்கள் போன் சார்ஜருக்குள் இருக்கும் துளியூண்டு டையோடுகள் அதே வேலையைச் செய்கின்றன. என்ன, வேடிக்கை பார்க்க அந்த நீல ஒளிதான் இல்லை!