கூடிப் படிக்கும் கால்பங்கு

ஆசிரியரிடம் பாடம் கேட்பதால் வருவது கால்பங்கு அறிவு; உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு; பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே மீதிப் பாதி நிரம்பும். நன்னூலில் பவணந்தி முனிவர் போட்ட கணக்கு இது.

உடன் பயில்வோரால் வரும் கால்பங்கு எப்படிப்பட்டது என்று பார்க்க, மதுரையின் புகழ்பெற்ற வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்ளலாம்; அது ஒரு பாட்டைப் பற்றியதுதான். குறுந்தொகை 2-ஆம் பாடலில் தலைவன் தும்பியிடம், இவள் கூந்தலைவிட மணக்கும் பூ உண்டா என்கிறான். கூந்தலுக்கு இயற்கை மணம் ஏது என்று நக்கீரர் அதைப் பாடிய இறைவனோடே வாதிட்டதாகத் திருவிளையாடல் கதை.

வகுப்பில் இதை எடுத்தால் ஒரு மாணவி நக்கீரர் பக்கம் நிற்பாள். தலைவன் ஆராய்ச்சியா செய்கிறான், காதலியைப் பாராட்டுகிறான் என்பான் இன்னொருவன். அப்படியானால் தும்பியைச் சாட்சிக்கு இழுப்பானேன் என்று மூன்றாவது குரல் எழும். ஆசிரியர் உரையை முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி பிறக்காது.