ஒளி உளி வாங்கப் போகிறீர்களா?

மரத்தைச் செதுக்க உளியும், பலகையை அறுக்க வாளும் வேண்டும் என்பது தச்சுத் தொழில் தோன்றிய காலந்தொட்டு நாம் அறிந்த உண்மை. இன்றோ அவ்விரண்டின் வேலையையும் ஓர் ஒளிக் கதிரே செய்து முடிக்கின்றது. மேசையின் மேல் வைக்கத்தக்க சிறு யந்திரமொன்று, கணினியில் வரைந்த உருவத்தை மரத்திலும் தோலிலும் சிரட்டையிலும் பொறித்துத் தருகின்றது. மெல்லிய பலகையை வெட்டியும் தருகின்றது. இதுவே லேசர் யந்திரம்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் எம்மிடம் வந்து, தன் கைத்தொலைபேசியில் விளம்பரமொன்றைக் காட்டினான். “40 வாற்று யந்திரமாம். விலையும் மலிவு. வாங்கலாமா, ஐயா?” என்று கேட்டான். ஈராண்டு காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. அவனுக்கு நாம் கூறியவற்றையே, அவனைப் போன்ற ஏனையோருக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கு எழுதுகின்றோம்.

மூவகைக் கதிர்கள்

லேசர் ஒளிக்கு அடிப்படையான தத்துவத்தை 1917ஆம் ஆண்டிலே ஐன்ஸ்ரைன் வகுத்தார். எனினும், 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதியே அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மெய்மன், மாணிக்கப் பளிங்கொன்றிலிருந்து முதல் லேசர்க் கதிரைத் தோற்றுவித்தார். இந்தியாவிலே பிறந்த குமார் பட்டேல், பெல் ஆய்வுகூடத்தில் 1964ஆம் ஆண்டு காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்டு மற்றொரு வகை லேசரை ஆக்கினார்.

இன்று பொழுதுபோக்காளர் வாங்கக்கூடிய யந்திரங்கள் மூவகைப்படும். முதலாவது, டயோட் எனப்படும் இருவாயியினால் இயங்குவது. இதன் கதிர் நீல நிறமானது. அலைநீளம் ஏறக்குறைய 450 நனோமீற்றர். மூன்றனுள் விலை குறைந்ததும் இதுவே. இரண்டாவது, பட்டேல் வழிவந்த காபனீரொட்சைட்டு யந்திரம். 10,600 நனோமீற்றர் அலைநீளமுடைய இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, இழை லேசர். 1,064 நனோமீற்றர் அலைநீளமுடைய இது, பெரிதும் உலோகத்தில் எழுத்துப் பொறிப்பதற்கென்றே அமைந்தது.

முதலில் பொருள், பின்னரே யந்திரம்

யந்திரத்தைப் பார்ப்பதற்கு முன், எப்பொருளில் வேலை செய்யப் போகின்றோம் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். ஏனெனில், ஒரு பொருள் எந்தக் கதிரை உறிஞ்சுகின்றதோ அந்தக் கதிராலேயே அதனைச் சுட முடியும். சன்னற் கண்ணாடியினூடே வெயில் புகுந்து செல்வதுபோல, நிறமற்ற அக்கிரிலிக் தகட்டினூடே நீலக் கதிர் ஒரு கீறலும் இடாது சென்றுவிடும். அதே தகட்டைக் காபனீரொட்சைட்டுக் கதிரோ பளபளக்கும் விளிம்புடன் வெட்டித் தரும். ஆனால், வெறும் உலோகத்தின் மீது அக்கதிர் பட்டால் பெரும்பகுதி தெறித்து மீளும்.

ஆகவே மரம், தோல், கடதாசி மட்டை, சிரட்டை ஆகியனவே உங்கள் விருப்பமாயின் இருவாயி யந்திரம் போதும். நிறமற்ற அக்கிரிலிக்கில் பெயர்ப்பலகை செய்ய விரும்புவோர் காபனீரொட்சைட்டு யந்திரத்தையே நாடல் வேண்டும். அதன் கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்க நீரோட்டம் தேவை. பல்லாயிரம் வோற்று மின்னழுத்தம் அதிலே பாய்வதால், மூடியைக் கழற்றிப் பழுதுபார்க்கும் ஆசை புதியவருக்கு ஆகாது. நாளடைவில் வலுக் குன்றும் அக்குழாயை மாற்றுஞ் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாற்றுக் கணக்கு

மாணவன் காட்டிய விளம்பரத்தை ஊன்றிப் படித்தோம். பெரிய எழுத்தில் 40 வாற்று. அடியிலே பொடியெழுத்தில் “ஒளி வலு 5 வாற்று” என்றிருந்தது. முன்னையது யந்திரம் உண்ணும் மின்சாரம். பின்னையதே கதிராக வெளிப்படுவது. வேலை செய்வது பின்னையதே. ஒளி வலுவைக் குறிப்பிடாத விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொடாதீர்கள்.

மரத்திலே படமும் எழுத்தும் பொறிக்க 5 வாற்று ஒளி தாராளம். 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை வெட்டுவதாயின், அவ்வலு பொதுவாக ஒரே கோட்டிலே பலமுறை ஓட வேண்டியிருக்கும். 10 வாற்று ஓரிரு ஓட்டத்திலே வெட்டிவிடும். கதிர் படும் இடத்திலே காற்றை ஊதும் சிறு பம்பி இருந்தால் வெட்டு விரைவதோடு விளிம்பும் அதிகம் கருகாது.

கண்ணின் விலை

இனி, விளம்பரங்கள் அதிகம் பேசாத விடயத்துக்கு வருவோம். லேசர்களை அவற்றின் ஆபத்தின்படி ஒன்று முதல் நான்கு வரை வகுத்துள்ளனர். மலிவான இருவாயி யந்திரங்கள் பல, சுற்றிலும் மறைப்பில்லாத வெறுஞ் சட்டங்கள். நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் கதிர் நேரே கண்ணிற் பட வேண்டுமென்பதில்லை. ஒரு பொருளில் பட்டுத் தெறித்தாலும் போதும். கண் வில்லை அந்த நீல ஒளியை விழித்திரையிலே ஒரு புள்ளியாய்க் குவிக்கும். அங்கே கருகிய இடம் மீளத் தளிர்ப்பதில்லை. கண்கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயன் என்ன?

காப்புக் கண்ணாடி அணியலாமே என்பீர்கள். அது அந்தந்த அலைநீளத்துக்கென ஆக்கப்பட்டதாதல் வேண்டும். காபனீரொட்சைட்டுக் கதிரைத் தடுக்கும் நிறமற்ற அக்கிரிலிக் தகடு, நீலக் கதிருக்குத் திறந்த வாசலாகும் என்பதை மேலே கண்டோம் அல்லவா? மேலும், காப்புக் கண்ணாடி அணிந்தவரையே காக்கும். வேடிக்கை பார்க்க ஓடிவரும் குழந்தையைக் காவாது. முற்றாக மூடிய, மூடியைத் திறந்தவுடன் கதிர் அணையும் முதலாம் வகுப்பு யந்திரமே குடும்பத்துக்கு ஏற்றது.

புகையையும் மறத்தலாகாது. அதனைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே செலுத்துதல் வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக்கையும், அது பூசிய றெக்சினையும் ஒருபோதும் யந்திரத்தில் வைக்கக் கூடாது. அவை எரிந்தால் வெளிவரும் ஐதரசன் குளோரைட்டு வாயு நுரையீரலைத் தாக்கும், யந்திரத்தையும் துருவேற்றும். இன்ன பிளாஸ்டிக் என்று தெரியாததைத் தொடாமலே விடுங்கள். யந்திரம் ஓடும்போது அவ்விடம் விட்டு அகலாதீர்கள். தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மாணவன் செய்த முடிவு

எம்மிடம் வந்த மாணவன் செய்ய விரும்பியது, சிரட்டையிலும் மரத்திலும் பெயர் பொறித்து விற்பது. அதற்கு 5 வாற்று போதும். ஆகவே வாற்றுக் கணக்கிலே அவன் ஏமாறியிருந்தாலும் வேலை நடந்திருக்கும். ஆனால் அது மூடியில்லாத யந்திரம். “வீட்டிலே வேறு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டோம். “ஐந்து வயதுத் தங்கை இருக்கிறாள், ஐயா. நான் எதைச் செய்தாலும் பக்கத்திலேயே நிற்பாள்” என்றான். சொன்னவன் சற்று நேரம் பேசவில்லை.

மூடிய யந்திரத்துக்கு அவனிடமிருந்த பணம் போதவில்லை. இன்னும் சில மாதம் பொறுத்திருந்து அதனையே வாங்குவதென முடிவு செய்தான். அதுவரையில், விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளைக் கொண்டு சித்திரம் வரையப் பழகுகின்றான். சென்ற வாரம் தான் வரைந்த முதற் பெயர்ப்பலகையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினான். அதிலே இருந்தது அவனுடைய பெயரன்று, தங்கையின் பெயர்.