பிள்ளை வார்டில், தாய் எங்கே?



சபைகளுக்குப் போகிற இடங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை வைத்தியம் இலவசம் என்கிறார்களே ஐயா, பிறகு வியாதிப்பட்ட பிள்ளைகளின் குடும்பத்துக்குத் தங்கும் வீடு என்று எதற்குக் காணிக்கை?"

நியாயமான கேள்விதான். காப்பீட்டு அட்டை மருத்துவமனையின் செலவைக் கட்டுகிறது. பிள்ளையோடு வந்த தாய் வெளியே எடுக்கும் அறையின் வாடகையையோ, தகப்பன் இழக்கும் தினக்கூலியையோ அது கட்டுவதில்லை. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், வேலூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ வருகிறவர்களுக்கு அது எத்தனை பஸ் மாறிப் போகும் வழி என்பது உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலும் காணப்படும் வகைக்கு ஏறக்குறைய 2 முதல் 2½ வருடம் சிகிச்சை நடக்கும். முதல் சில மாதங்கள் மிகக் கடினமானவை. மருந்தினால் வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும். அந்த நாட்களில் காய்ச்சல் கண்டால், சில மணி நேரத்துக்குள் பிள்ளை மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். நடு இரவில் அரூரிலிருந்து பஸ் பிடிக்க முடியாது. ஆகவே வார்டில் படுக்கை தேவைப்படாத நாட்களிலும் குடும்பம் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. கூட்டமான லாட்ஜும் கடைச் சாப்பாடும் கொதிக்காத தண்ணீரும் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆபத்து. நடைபாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பார்கள். ஆட்டை விற்பார்கள், கம்மலை அடகு வைப்பார்கள். அதற்குள் பிள்ளை கொஞ்சம் தேறி, விளையாடத் தொடங்கிவிடும். "சரியாகிவிட்டது, ஊருக்குப் போவோம்" என்று கிளம்பிவிடுவார்கள். 4 வாரம் தொடர்ந்து வராமல் போனால் மருத்துவர்கள் அதைச் சிகிச்சையைக் கைவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் சுகமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறாததற்கு இப்படிக் கைவிடுவதையும் ஒரு காரணமாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. சுகமாகியிருக்க வேண்டிய பிள்ளை, தாய்க்குப் படுக்க இடமில்லாததினால் மரிக்கிறது. எங்களுக்கு மிகவும் பாரமான காரியம் இதுவே.

இதற்கென்று வீடு வைக்கும் எண்ணம் பெயர்பெற்றது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில். பிரெட் ஹில் என்ற விளையாட்டு வீரரின் சிறு மகளுக்கு இரத்தப் புற்றுநோய். அவருடைய அணியினர் பணம் திரட்டினார்கள். குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ஆட்ரி எவன்ஸ் அம்மையார், குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்றார். மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர்கள் ஒரு பச்சை நிற மில்க் ஷேக் விற்ற பணத்தில் பங்கு கொடுத்தார்கள். வீட்டுக்குத் தங்கள் விளம்பரக் கோமாளியின் பெயரையும் வைத்துக்கொண்டார்கள்! 1974-இல் திறந்த அந்த வீட்டின் மாதிரியில் இன்று பல தேசங்களில் வீடுகள் இருக்கின்றன.

நம் தேசத்தில் 2006-இல் நிகால் கவிரத்னே, ஷியாமா கவிரத்னே தம்பதியர் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் இந்தப் பணியைச் செய்கிறது. சென்னையிலும் வேலூரிலும் அவர்களுக்கு இல்லங்கள் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம். பொதுச் சமையலறையில் தாய் தன் பிள்ளைக்குப் பிடித்ததைத் தானே சமைக்கலாம். சிகிச்சையில் வாய் கசந்துபோன பிள்ளை, அம்மா வைத்த ரசத்தைத்தான் கேட்கும்.

பணம் சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்துக்குக் காணிக்கை சேருவது அவ்வளவு கஷ்டமில்லை. கல்வெட்டில் பெயர் வரும், பிரதிஷ்டைக்குப் பெரியவர்கள் வருவார்கள். கரண்ட் பில்லுக்கும் கியாஸ் சிலிண்டருக்கும் கழிவறை சுத்தம் செய்கிறவரின் சம்பளத்துக்கும் கல்வெட்டு கிடையாது. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். எண்ணெயையும் திராட்சரசத்தையும் பற்றிப் பிரசங்கிக்கிற அளவுக்குச் சத்திரத்துக் கணக்கைப் பற்றி நாம் பிரசங்கிப்பதில்லை.

மிசோரம் சபைகளின் சகோதரிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து சபைக்குக் கொடுத்து வருகிறார்கள். அது விற்ற பணத்தில் ஊழியங்கள் நடக்கின்றன. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கும் நம் சபையாரின் உற்சாகம் நல்லதே. ஆனால் இப்படிப்பட்ட வீட்டுக்கு, மாதந்தோறும் வரும் 100 ரூபாய் அதைவிடப் பெரிய உதவி. மகளிர் ஐக்கிய சங்கத்தார் இதை யோசிக்கலாம். கொடுக்கும்போது "நடைமுறைச் செலவுக்கு" என்று எழுதிக் கொடுங்கள்.

2017 முதல், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமானவரிச் சலுகை கிடையாது. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது சாதாரணக் காணிக்கையே. அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் அது வெளிநாட்டு நிதி. பெறுகிற நிறுவனம் அதற்கென அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதான கிளையில் அவர்களுக்குள்ள கணக்கில் வந்து சேர வேண்டும். 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பின், இப்படிப் பெற்றதை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாற்றவும் கூடாது. ஆகவே அப்பணத்தை எங்களுக்கு அனுப்பி, "வேலூர் வீட்டுக்குச் சேர்த்துவிடுங்கள்" என்று எழுதினால் எங்களால் இயலாது. அந்த வீட்டாருக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.