சிறுநீர்ப் பரிசோதனை

சிறுநீர்ப் பரிசோதனை என்பது சிறுநீரின் தோற்றம், அதில் கரைந்துள்ள பொருள்கள், மிதக்கும் செல்கள் ஆகியவற்றைக் கொண்டு உடல்நிலையை அறியும் ஆய்வக முறையாகும். ஊசி குத்த வேண்டியதில்லை, செலவும் குறைவு.

தேரையரின் நீர்க்குறி, நெய்க்குறி

தென்காசியிலிருந்து கடையம் செல்லும் வழியில் உள்ள தோரணமலையில் அகத்தியரும் அவர் மாணவர் தேரையரும் வாழ்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. சித்த மருத்துவத்தில் சிறுநீர்ச் சோதனை தேரையர் பெயராலேயே வழங்குகிறது. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி. காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பர். பிடித்த நீரை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதும் விதி. இன்றைய ஆய்வகங்களும் ஏறத்தாழ இதையே வலியுறுத்துகின்றன. நேரம் கடந்தால் கிருமிகள் பெருகும், சர்க்கரை குறையும், செல்கள் சிதையும். எனினும் நெய்க்குறி முக்குற்ற நிலையைக் கணிப்பதற்கானது; சர்க்கரையையோ புரதத்தையோ அது அளப்பதில்லை.

ஆய்வக முறை

முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கழிக்கும் நீர் அடர்த்தியாக இருப்பதால் சிறந்தது.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. குற்றாலச் சாரலில் நனைந்த நாளில் வெளுத்தும், வெயிலில் உழைத்த நாளில் அடர் மஞ்சளாகவும் இருப்பது இயல்பே. பீட்ரூட் தின்றாலும் சிலருக்குச் சிவக்கும். ஒப்படர்த்தி பொதுவாக 1.005 முதல் 1.030 வரை இருக்கும்.

சர்க்கரையைக் காண, 5 மி.லி. பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டுச் சிறுநீர் சேர்த்துச் சூடாக்குவர். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாற மாறச் சர்க்கரையின் அளவு கூடுதல் என்று பொருள். தற்போது பெரும்பாலும் சோதனைப் பட்டையே பயன்படுகிறது. பட்டையைத் தோய்த்து, குறித்த நொடிகளுக்குப் பின் நிற அட்டையோடு ஒப்பிடுவர்.

இங்கே பலர் ஏமாறுவதுண்டு. பொதுவாக இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி. அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தென்படும். ஆகவே 'சிறுநீரில் இல்லை' என்பது நீரிழிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரத்தப் பரிசோதனை தேவை.

மைய விலக்குக் கருவியில் சுழற்றி எடுத்த வண்டலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது இரத்தச் சிவப்பணுக்கள், சீழ்ச்செல்கள், படிகங்கள் தெரியும். சீழ்ச்செல்கள் மிகுந்தால் தொற்று இருக்கலாம். எந்தக் கிருமி என்பதை வளர்ப்புச் சோதனை காட்டும்.

அல்புமின்

நோயாளி பெரும்பாலும் பொருட்படுத்தாத, ஆனால் மருத்துவர் கவனித்துப் பார்க்கும் வரி இதுதான். சிறுநீரக வடிகட்டி பழுதடையத் தொடங்கும்போது வலி இருக்காது, வீக்கமும் உடனே வராது. அப்போதே அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கிவிடும். சாதாரணப் பட்டையில் மிகச் சிறிய கசிவு தெரியாது என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கப்படுகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழ் இருப்பது இயல்பு. காய்ச்சலோ கடும் உழைப்போ தற்காலிகமாக இதைக் கூட்டலாம் என்பதால், மிகுந்து காணப்பட்டால் மீண்டும் சோதித்தே உறுதி செய்வர். கருவுற்ற பெண்களுக்கு 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து, அல்புமினும் காணப்பட்டால், வலிப்பு வரை செல்லக்கூடிய நிலை என்று கருதி உடனே கண்காணிப்பில் வைப்பர்.