புண்ணே பிரிக்கும் பொட்டலம்

'நானோ கொலாஜன்' என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அதைக் குடித்தால் அப்பாவின் சர்க்கரைப் புண் ஆறுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்த நம்பிக்கையில் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். குடித்த கொலாஜனைக் குடல் துண்டு துண்டாக உடைத்துவிடும். காலில் புண் இருப்பது அதற்குத் தெரியாது.

ஆய்வகத்தில் இதே பெயரில் நடக்கும் வேலை வேறு. அது சுவாரசியமானது.

ஆறாத புண்ணில் எம்.எம்.பி. என்ற நொதிகள் மிதமிஞ்சி இருக்கும். கெட்டுப்போன திசுவை அறுத்து அகற்ற வந்தவை, முளைக்கிற புதுத் திசுவையும் சேர்த்து அறுக்கும். மருந்தாகத் தடவும் வளர்ச்சிப் புரதமும் தப்பாது. அப்படியொரு புரத மருந்தான, 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்லெர்மின் ஜெல்லை அன்றாடம் தடவ வேண்டியிருக்கிறது.

அந்த நொதிகள் வெட்டும் விதம்தான் அழகு. திசுவைத் தாங்கும் புரதமான கொலாஜனின் மூலக்கூறு மூன்று இழை முறுக்கு; 300 நானோமீட்டர் நீளம். அத்தனை நீளத்தில், எம்.எம்.பி.களில் ஒன்றான கொலாஜனேஸ் வெட்டுவது ஒரே இடத்தில்தான்: முக்கால் ஒரு பக்கம், கால் மறுபக்கம். வெட்டு விழுந்ததும் உடல் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து, இரண்டும் ஜெலட்டினாகிவிடும். அதைத் தின்ன இன்னொரு எம்.எம்.பி.யான ஜெலட்டினேஸ் தயாராக நிற்கும்.

அப்படியானால் மருந்தை அந்தப் புரதத்துக்குள்ளேயே வைத்துவிட்டால்? நானோ அளவில் ஒரு பூரணக் கொழுக்கட்டைதான். மேல்மாவு கொலாஜன் அல்லது ஜெலட்டின், பூரணம் மருந்து. நொதி மாவைத் தின்னத் தின்னப் பூரணம் வெளியே வரும். பந்தியில் பசி அதிகமானால் பூரணமும் அதிகம்; புண் ஆறி, பந்தி கலைந்தால் மிச்சம் அப்படியே கிடக்கும். மாவு சரியாக வேகாவிட்டால் பானையிலேயே பிளந்துகொள்ளும், அதிகம் வெந்தால் பல்லுக்கு அசையாது. இழைகளைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடின் அளவில் ஆய்வாளர்கள் படும் பாடு இதுவே. போதாததற்கு, மிஞ்சிய குளூட்டரால்டிஹைடு செல்களுக்கு நஞ்சு.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூவிழை அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொலாஜனேஸை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். தவளையாகும்போது அந்த வால் கரைய வேண்டுமே!

இத்தகைய துகளால் 'புண் வேகமாக ஆறியது' என்ற செய்தியைப் படித்தால், யாருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் எலிக்கு. எலித்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் உண்டு. அது புண்ணின் ஓரங்களை இழுத்துச் சுருக்கி மூடும். நமக்கு அந்தத் தசை கிட்டத்தட்ட இல்லை. அதோடு, சோதனை எலிக்குச் சர்க்கரை பெரும்பாலும் ஊசி போட்டு வரவழைத்தது, சில வாரப் பழக்கம். கால் புண்ணோடு வரும் மனிதருக்கோ பல வருடச் சர்க்கரை, உணர்விழந்த பாதம், அடைபட்ட ரத்தக் குழாய். அந்த அடைப்பை எந்த நானோ துகளும் திறக்காது.