ஐந்தரை மணியின் பொய்

2014ஆம் ஆண்டு, கண்டி ஹந்தானை மலைச்சாரலில் யான் வசித்த காலம். அயலாரின் பிறந்த நேரங்களைக் குறித்து வைப்பதற்கெனப் பைதன் மொழியிற் சிறியதொரு நிரல் எழுதியிருந்தேன். ஒருநாள் தோட்டத்துப் பாட்டியொருவர், பேத்திக்குச் சாதகம் கணிக்க வேண்டுமென்று வந்தார். அவர் மடியிலிருந்து எடுத்த கடதாசித் துண்டில் 'அதிகாலை 5.30' என்றிருந்தது. நேரத்தைப் பதிந்தேன். 'பிறந்த நேரம் தரப்படவில்லை' என்றது திரை. மறுபடியும் பதிந்தேன், அதே விடை. 5.31 என்று மாற்றினேன், உடனே ஏற்றுக்கொண்டது!

"அப்ப எம் பேத்தி பொறந்தது பொய்யாங்க, ஐயா?" என்றார் பாட்டி. சிரித்துச் சமாளித்தேனேயொழிய, என்னிடம் விடை இல்லை.

அன்றிரவே மொழியின் விளக்க ஏட்டைப் புரட்டினேன். பைதனில் எப்பொருளையும் 'நீ மெய்யா, பொய்யா?' என்று வினவலாம். சுழியம், எழுத்தே இல்லாத வெற்றுச் சொல், உறுப்பு ஒன்றுமில்லாப் பட்டியல் ஆகியன 'பொய்' என்றே விடை தரும். அம்மொழியின் நியம நூலகத்தில் நேரப்பொருளும் இம்மரபையே பின்பற்றி வந்தது: உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு சுழியம், ஆதலின் அது பொய். இலங்கை நேரமோ அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நேர வலயத்தையும் சேர்த்தெழுதிய என் நிரலில், 5.30இலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க எஞ்சியது சுழியம். மகாவலிக் கரையிற் பொழுது புலரும் வேளை, கணினிக்கு இல்லாப் பொழுதாயிற்று!

பிழை நூலகத்தினது மட்டுமா? அன்று, என்னுடையதுங்கூட. 'நேரம் தரப்பட்டதா?' என்று கேட்க வேண்டிய இடத்தில், 'நேரம் மெய்யா?' என்று கேட்டுவிட்டேன். மறுநாள் வினாவைத் திருத்தினேன், பேத்தியின் 5.30 பதிவாயிற்று. நூலகமும் பின்னர்த் திருந்திற்று. 2015இல் வெளிவந்த பைதன் 3.5ஆம் பதிப்பு முதல் எல்லா நேரங்களும் மெய்யே.

நம்பை என்னும் மற்றொரு நூலகம் உண்டு. பல எண்கள் கொண்ட அணியைக் காட்டி, மெய்யா பொய்யா என்று அதனிடம் கேட்டால், 'இவ்வினாவுக்கு ஒரு பொருளில்லை' என்னும் கருத்துப்பட விடையளிக்க மறுத்துவிடும். தவறான விடையினும் அம்மறுப்பு நேர்மையானதன்றோ?

பரீட்சையிற் சுழியம் பெற்ற மாணவனையும், பரீட்சைக்கே வராத மாணவனையும் எந்த ஆசிரியரும் ஒன்றாகக் கருதார். முன்னவனுக்குப் பாடத்தை மீண்டும் கற்பிக்க வேண்டும்; பின்னவனை வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், பிறந்த பிள்ளையும் பிறவாத பிள்ளையாகிவிடும்.